எபிரேயப் பாடநூல்களைப் புள்ளி எழுத்தில் படியெடுத்தல்

எபிரேய மொழியில் வேதம் பயிலும் பார்வையற்ற மாணவருக்கு ஒலிப்பதிவு ஓரளவுக்குத்தான் துணைசெய்யும். அம்மொழிக் கல்வி எழுத்தோடு பிணைந்தது. காதுக்கு ஒன்றாகக் கேட்பது தாளில் இரண்டாக நிற்கும். 'லோ' என்ற ஓசையை லாமெத், ஆலெஃப் என்று எழுதினால் 'இல்லை'. லாமெத், வாவ் என்று எழுதினால் 'அவனுக்கு'. சங்கீதம் 100-இன் மூன்றாம் வசனத்தில் ஏட்டில் இருப்பது ஆலெஃப். ஆனால் வாவ் இருப்பதாகக் கொண்டு படிக்க வேண்டும் என்கிறது ஓரக்குறிப்பு. ஏட்டில் உள்ளபடி கொண்டால், நம்மை உண்டாக்கியது நாமல்ல, கடவுளே என்று பொருள். ஓரக்குறிப்பின்படி கொண்டால், நாம் அவருக்கு உரியவர்கள் என்று பொருள். தமிழின் பழைய விவிலிய மொழிபெயர்ப்பு ஏட்டுப் பாடத்தையே ஏற்றிருக்கிறது. இந்த வேறுபாடு எவ்வளவு நல்ல குரலில் பதிவு செய்தாலும் கேட்காது. பார்வையற்றவர் அதை அறிய வேண்டுமானால் விரலால் தொட்டுப் படித்தாக வேண்டும். அதற்கு யாராவது ஒருவர் அந்நூலை எழுத்தெழுத்தாகப் படியெடுத்துத் தரவேண்டும். பெரும்பாலும் அவர் ஊதியம் வாங்காத தொண்டராகவே இருக்கிறார்.

1930-களுக்கு முன்பு எபிரேயத்துக்கென்று பொதுவான பிரெய்ல் முறை இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு முறை இருந்தது. ஓரிடத்தில் படித்தவர் வேறிடத்துப் புத்தகத்தைப் படிக்க முடியாது. 1931-இல் நியூயார்க்கில் யூத பிரெய்ல் நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கி நடத்தியதில் தொழுகைக்கூடங்களின் மகளிர் சங்கக் கூட்டமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. நியூயார்க், லண்டன், வியன்னா நகரங்களைச் சேர்ந்தவர்கள் அடங்கிய குழு ஒன்று பொதுமுறையைத் தேடியபோது, ஹாரி பிரெவிஸ் என்ற ரபியின் முறை அடிப்படையாகக் கிடைத்தது. பிரெவிஸ் இருபது வயதுக்கு மேல் சிறுகச் சிறுகப் பார்வையை இழந்தவர். 1926 முதல் 1929 வரை யூத சமயக் கல்லூரியில் படித்தபோது தன் சொந்தப் படிப்புக்காக அவர் உருவாக்கிக்கொண்ட குறிகள்தாம் அவை. குழு 1933-இல் அவற்றைத் தேர்ந்தது. 1936-இல் பன்னாட்டு முறையாக ஏற்றது. 1944 வரை திருத்தங்கள் நடந்தன. ஒரு மாணவரின் தேவையிலிருந்து பிறந்த முறை என்பதால்தான் பாடநூல்களுக்கு அது இவ்வளவு பொருந்துகிறது என்று கொள்ளலாம்.

அந்த முறையின் முதல் தீர்மானம் திசை பற்றியது. எபிரேய அச்சு வலமிருந்து இடம் ஓடும்; எபிரேய பிரெய்ல் மற்ற மொழிகளின் பிரெய்லைப் போலவே இடமிருந்து வலம் ஓடும். இரண்டாவது, ஒலி ஒத்த எழுத்துகளுக்கு ஏற்கெனவே வழங்கிவந்த குறிகளையே கொடுத்தது. ஆறு புள்ளிக் கட்டத்தில் இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. ஆலெஃபுக்கு ஆங்கில ஏ-யின் ஒற்றைப் புள்ளி, லாமெதுக்கு எல்-இன் 1-2-3. ஷீனுக்கு ஆங்கிலச் சுருக்க பிரெய்லில் 'ஷ்' ஒலியைக் குறிக்கும் 1-4-6, தாவுக்கு 'த்' ஒலியைக் குறிக்கும் 1-4-5-6. ஆகவே ஆங்கில பிரெய்ல் அறிந்தவர் எபிரேயக் குறிகளில் பெரும்பகுதியைச் சில நாளில் பிடித்துவிடுவார். அச்சில் காஃப், மேம், நூன், பே, ட்ஸாதி ஆகிய ஐந்தும் சொல்லின் கடைசியில் வேறு வடிவம் கொள்ளும். பிரெய்லில் அந்த வடிவ வேறுபாடு இல்லை. மாறாக, அச்சில் உள்ளே ஒரு புள்ளி இட்டு வேறுபடுத்தும் பேத்–வேத், பே–ஃபே போன்ற இணைகளுக்குப் பிரெய்லில் தனித்தனிக் கட்டங்கள் உண்டு.

உயிர்க்குறிகளில்தான் தொண்டரின் பொறுமை சோதனைக்கு உள்ளாகிறது. இன்றைய எபிரேய நாவலும் செய்தித்தாளும் உயிர்க்குறி இன்றியே அச்சாகின்றன. வேதம், தொழுகை நூல், தொடக்கநிலைப் பாடநூல் ஆகியவற்றில் எழுத்துக்குக் கீழும் மேலும் உள்ளும் புள்ளிகளும் கோடுகளும் நிறைந்திருக்கும். பிரெய்லில் கீழே, மேலே என்று இடமில்லை. எல்லாம் ஒரே வரிசையில் வரவேண்டும். மெய்யெழுத்து முதலில், அதன் உயிர் அடுத்த கட்டத்தில். தமிழ் பிரெய்லில் இதே ஏற்பாடுதான்: 'கெ' என்பதில் அச்சில் ககரத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பு, புள்ளி எழுத்தில் ககரத்துக்குப் பின்னால் வரும். இதனால் எபிரேயச் சொல் நீண்டுவிடுகிறது. ஆதியாகமத்தின் முதல் சொல்லான 'பெரேஷீத்' அச்சில் ஆறு எழுத்து. பிரெய்லில் உயிர்க்குறிகளும் சேர்ந்து அதைவிடக் கூடுதலான கட்டங்கள்.

எதை எழுதுவது, எதை விடுவது என்ற கேள்வி இங்கேதான் எழும். காமத்ஸ் என்ற உயிர்க்குறி சில சொற்களில் 'ஆ' என்றும் சில சொற்களில் 'ஒ' என்றும் ஒலிக்கும். அச்சில் இரண்டுக்கும் ஒரே குறி. உதவி செய்யும் எண்ணத்தில் 'ஒ' ஒலிக்கும் இடங்களில் வேறு உயிர்க்குறியை இட்டுவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் எழுத்துக்கூட்டலே தவறாகிவிடும். அந்த இரண்டையும் பிரித்தறியும் பயிற்சியும் மாணவருக்குக் கிடைக்காமல் போகும். தாகேஷ் என்ற உட்புள்ளியும் அப்படியே. தொழுகை நூலில் அது இல்லாவிட்டாலும் வாசிப்பு பெரிதாகத் தடைப்படாது. இலக்கணப் பாடநூலில் அது இல்லாவிட்டால், நடு மெய் இரட்டிக்கும் 'பிஏல்' வினை எது, இரட்டிக்காத வினை எது என்று தெரியாது, பாடமே போய்விடும். பக்கத்தில் உள்ளதைக் கூட்டாமல் குறைக்காமல் கொடுப்பதே இப்பணியின் அறம். விளக்குவது ஆசிரியரின் வேலை, புரிந்துகொள்வது மாணவரின் உரிமை.

இந்தப் பணிக்கு வருபவர் எபிரேயத்தை ஆழக் கற்றிருக்க வேண்டியதில்லை. எழுத்துகளை மயங்காமல் படிக்கத் தெரிந்தால் போதும், ஆனால் அது கட்டாயம். பேத்தும் காஃபும், ஹேயும் ஹெத்தும், கடைசி மேமும் சாமெக்கும், தாலெத்தும் ரேஷும் அச்சில் நூலிழை வேறுபாடு உள்ளவை. கடைசி இணையில் யூத மரபுக்கே பெரும் அச்சம் உண்டு. உபாகமம் 6:4-இல் கடவுள் 'ஒருவர்' என்னும் சொல் தாலெத்தில் முடிகிறது. அதை ரேஷாகப் படித்தால் 'வேறொருவர்' ஆகிவிடும். அதனால்தான் தோரா ஏடுகளில் அந்தத் தாலெத்தைப் பெரிதாக எழுதுகிறார்கள். யாத்திராகமம் 34:14-இல் 'வேறு' என்ற சொல்லின் ரேஷையும் அதே காரணத்துக்காகப் பெரிதாக்கும் வழக்கம் உண்டு. பிரெய்லில் தாலெத்தும் ரேஷும் சற்றும் மயங்கா. ஆனால் புள்ளி எழுத்துக்கென்று வேறு மயக்கங்கள் உண்டு. தாலெத் 1-4-5, ஃபே 1-2-4, ஹே 1-2-5, யோத் 2-4-5. நான்கும் ஒரே மூலைவடிவத்தைத் திருப்பித் திருப்பி வைத்தவை. எனவே மெய்ப்புப் பார்ப்பவர், தாலெத்தின் இடத்தில் ரேஷ் இருந்தால் படியெடுத்தவரின் கண் தவறியது என்றும், ஹே இருந்தால் விரல் தவறியது என்றும் அறிந்துகொள்ளலாம். இது தெரிந்தால் எங்கே கூடுதல் கவனம் வேண்டும் என்று சொல்லித் தருவது எளிது.

கருவிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. தொடக்கத்தில் சட்டமும் எழுத்தாணியும் இருந்தன. தாளின் பின்புறத்திலிருந்து குத்துவதால் சட்டத்தில் எல்லாவற்றையும் வலமிருந்து இடமாக, கண்ணாடி உருவமாக எழுத வேண்டும். எபிரேய நூலைப் படியெடுத்தவருக்கு மட்டும் மூலமும் கையும் ஒரே திசையில் சென்றன. டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த பெர்க்கின்ஸ் பிரெய்லர் 1951-இல் வெளிவந்தபின் வேலை பல மடங்கு விரைவானது. ஆறு புள்ளிக்கு ஆறு விசைகள். ஓர் எழுத்துக்குரிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் கட்டம் முழுவதும் ஒரே தடவையில் விழும். ஆனால் தவறாக எழும்பிய புள்ளியை நசுக்கி அழித்தாலும் அதன் தழும்பை விரல் உணரும். பக்கத்தின் கடைசி வரியில் பிழை நேர்ந்தால் பக்கத்தையே மறுபடி எழுதுவதே மரியாதை. இன்று கணினி விசைப்பலகையின் ஆறு விசைகளைப் பிரெய்லராகப் பயன்படுத்தலாம். மென்பொருளைக் கொண்டு எபிரேய உரையை நேரடியாகப் புள்ளி எழுத்தாக மாற்றவும் செய்யலாம்.

மாற்றும் மென்பொருளை முழுதாக நம்பிவிடக் கூடாது. செஃபாரியா போன்ற மின்னூலகங்களில் வேதமும், யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதும் இலவசமாகவே கிடைப்பதால் தட்டச்சு வேலை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனால் ஒருங்குறியில் ஓர் எழுத்தைச் சுற்றியுள்ள குறிகள் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரிசையில் அடுக்கப்படுகின்றன. ஷீனை 'ஷ்' என்றோ 'ஸ்' என்றோ தீர்மானிப்பது அதன் தலையில் வலப்பக்கமோ இடப்பக்கமோ உள்ள புள்ளி. ஒருங்குறியின் சீர்வரிசையில் அந்தப் புள்ளி உயிர்க்குறிக்கும் தாகேஷுக்கும் பின்னால் போய்விடும். அதை எதிர்பார்க்காத மென்பொருள் ஷீனையும் சீனையும் குழப்பும். அச்சுப் பக்கத்தை வருடி எழுத்துணரியில் இட்டாலோ, உயிர்க்குறிகள் பாதி உதிர்ந்துவிடும். ஆகவே கணினி வந்தபின் தொண்டரின் நேரம் எழுதுவதிலிருந்து மெய்ப்புப் பார்ப்பதற்கு மாறியிருக்கிறது.

படியெடுக்கக் கடினமானது தூய எபிரேய நூலன்று. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எபிரேய இலக்கண நூல். ஒரே வாக்கியத்தில் இரு மொழியும் வரும். 1-4-6 கட்டம் ஆங்கிலச் சொல்லுக்குள் ஒரு சுருக்கம், எபிரேயச் சொல்லுக்குள் ஷீன். எங்கே ஒரு மொழி முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை அச்சில் எழுத்தின் உருவமே காட்டிவிடும். விரலுக்கு அதைக் காட்ட முறைமாற்றக் குறிகள் இட வேண்டும். அமெரிக்கா 2016 சனவரியில் ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லுக்கு மாறியபோது இதற்கான விதிகள் மேலும் தெளிவாயின. எந்தக் குறி எதைச் சுட்டுகிறது என்று தொகுதியின் முகப்பில் படியெடுப்பவர் குறிப்பாக எழுதிவிட வேண்டும். நடுவில் புதுக்குறி எதையும் புகுத்தக் கூடாது. வினைத்திரிபு அட்டவணைகள் தனித் தலைவலி. காலும் நிஃபாலும் பிஏலும் எனத் தொடங்கி ஹித்பாஏல் வரை ஏழு நிரல்களை அச்சு ஒரே பக்கத்தில் அடக்கும். பிரெய்ல் வரியோ நாற்பது கட்டம், பக்கத்துக்கு இருபத்தைந்து வரி. நிரல்களைக் கலைத்து, ஒவ்வொரு வினை வகையையும் தனிப் பட்டியலாக ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடுப்பதே நல்லது. தாளை நெடுக்காகத் திருப்பி ஒட்டும் முறையைவிட இதைப் படிப்பவர்கள் விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தல்மூத் பக்கம் வேறு வகைச் சிக்கல். வெனிஸ் நகரில் டேனியல் பாம்பெர்க் 1520-களின் தொடக்கத்தில் அச்சிட்ட பதிப்பிலிருந்து இன்றுவரை அதன் அமைப்பு மாறவில்லை. நடுவில் மூலம், தைப்பு ஓரத்தில் 1105-இல் மறைந்த ராஷியின் உரை, வெளி ஓரத்தில் தோசாஃபோத் என்ற பிற்கால உரைகள். பார்ப்பவர் கண் மூலத்திலிருந்து உரைக்கும் உரையிலிருந்து மூலத்துக்கும் தாவும். பிரெய்லில் இவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரமுடியும். மூலத்தின் ஒரு பகுதி, அதற்குரிய ராஷி, பிறகு அடுத்த பகுதி என்று பின்னிக் கொடுப்பது ஒரு வழி. மூலத்தை ஒரு தொகுதியாகவும் உரையை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, இரண்டையும் மேசையில் அருகருகே வைத்துப் படிக்கவிடுவது இன்னொரு வழி. இரண்டாவதே சிறந்தது, இடக்கை மூலத்திலும் வலக்கை உரையிலும் இருக்க, பார்ப்பவர் செய்யும் அதே தாவலைப் படிப்பவர் செய்யலாம். ராஷி ஒவ்வொரு குறிப்பையும் மூலத்தின் சில சொற்களை எடுத்துச்சொல்லித் தொடங்குவதால் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஏட்டு எண்ணை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. 1923-இல் ரபி மேயிர் ஷாபிரோ முன்வைத்த நாளொரு ஏடு என்னும் படிப்புமுறை 2711 ஏடுகளைக் கொண்டு நடக்கிறது; உலகெங்கும் மேற்கோள்கள் ஏட்டு எண்ணையும் அதன் முன்பக்கம் பின்பக்கத்தையும் வைத்தே சொல்லப்படுகின்றன. மூலத்திலுள்ள சுருக்கெழுத்துகளையும் விரித்து எழுதக் கூடாது. பார்வையுள்ள மாணவர் அவற்றோடு போராடிக் கற்கிறார். பார்வையற்றவருக்கும் அதே போராட்டமும் அதே தேர்ச்சியும் உண்டு.

வேத நூலில் உயிர்க்குறிகளுக்கு மேல் இசைக்குறிகள் வருகின்றன. அவை ஓதும் ராகத்தை மட்டும் காட்டுவன அல்ல, வாக்கியம் எங்கே பிரிகிறது என்றும் சொல்கின்றன. உயராய்வு மாணவருக்கு இவை இன்றியமையாதவை. 1008-ஆம் ஆண்டைச் சேர்ந்த லெனின்கிராட் ஏட்டை அடிப்படையாகக் கொண்ட ஸ்டுட்கார்ட் பதிப்பைப் பயிலும் எவரும் இவற்றைத் தாண்டிச் செல்ல முடியாது. வழக்கமான எபிரேய பிரெய்ல் நூல்களில் இவை இடம்பெறாமல் இருந்த குறையைப் பார்வையற்ற அறிஞர்களே முன்வந்து தீர்த்தார்கள். ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் எபிரேய வேதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ரே மெக்காலிஸ்டரும் அவருடன் உழைத்தவர்களும் தொன்மொழிகளுக்கான பிரெய்ல் குறிகளையும் நூல்களையும் உருவாக்கினார்கள். அமெரிக்கப் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு 2016-இல் அவர்களுக்கு ஜேக்கப் போலோட்டின் விருது வழங்கியது.

பணியை ஏற்குமுன் சட்டமும் சமயமும் சார்ந்த சில செய்திகளை அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் 1996 முதல், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் பதிப்பாளரின் அனுமதி இன்றியே நூல்களைப் பிரெய்லில் ஆக்கலாம். 2013-இல் உருவான மராகேஷ் உடன்படிக்கை, அவ்வாறு ஆக்கிய படிகள் நாடு விட்டு நாடு செல்ல வழிசெய்தது. அதை முதலில் உறுதிசெய்து ஏற்ற நாடு இந்தியா. கடவுளின் பெயர் எழுதிய தாளை யூத மரபு குப்பையில் எறிவதில்லை; சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். பிழைபட்ட பிரெய்ல் பக்கங்களுக்கும் அம்மரியாதை வேண்டுமா என்பதை அந்தந்தச் சமூகத்தின் ரபியிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலும், தொழுகைக்கூடத்தில் பொது வாசிப்புக்கு மையால் எழுதிய தோல்சுருளே செல்லும். பிரெய்ல் ஏடு அதற்கு ஈடாகாது. ஷுல்கான் ஆருக் என்னும் சட்டத்தொகுப்பு பார்வையற்றவர் சுருளிலிருந்து வாசிப்பதைத் தடுக்கிறது. ஆனால் வேறொருவர் வாசிக்க, பார்வையற்றவரை மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கலாம் என்று ரபி மோசே இஸ்ஸர்லெஸ் அதில் சேர்த்த குறிப்பு அனுமதிக்கிறது. ஆக, பிரெய்லின் உண்மையான இடம் படிப்பு மேசை. தல்மூதில் பேசும் ரவ் யோசேப்பும் ரவ் ஷேஷெத்தும் பார்வையற்றவர்கள். கேட்டு மனத்தில் நிறுத்தியே பேரறிஞர்கள் ஆனார்கள். அவர்களுடைய நினைவாற்றல் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. சந்தேகம் வந்த சொல்லைத் தானே தேடித் தொட்டுப் பார்க்கும் வசதியை இன்றைய மாணவருக்குப் புள்ளி எழுத்து தருகிறது.

முடித்த பக்கங்களை இருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும்: மூல நூலைக் கையில் வைத்து ஒருவர் உரக்கப் படிக்க, எபிரேயம் அறிந்த பார்வையற்றவர் ஒருவர் பிரெய்லைத் தொட்டுச் சரிபார்ப்பது எல்லாவற்றிலும் நம்பத்தக்க வழி. எழுத்து சரியாக இருந்தும் புள்ளி தேய்ந்திருப்பது, வரிகள் நெருங்கியிருப்பது, தலைப்பு தனித்துத் தெரியாதிருப்பது ஆகியவற்றை விரல்தான் கண்டுபிடிக்கும். ஓர் அச்சுப் பக்கம் இரண்டு மூன்று பிரெய்ல் பக்கமாக விரிவதால் சிறிய பாடநூலே பல தொகுதிகளாகும். அவற்றை அஞ்சலில் அனுப்பக் கட்டணம் இல்லை. பார்வையற்றோருக்கான நூல்களுக்கு உலக அஞ்சல் ஒன்றியம் இந்த விலக்கை அளித்திருக்கிறது. மாணவர்கள் பெரும்பாலும் வகுப்பு தொடங்கும் வேளையில்தான் கேட்டு வருவார்கள். முழு நூலும் முடியட்டும் என்று வைத்திருக்காமல், முதல் இரண்டு பாடங்களை முடித்தவுடன் அனுப்பிவிட்டு, வகுப்புக்கு ஒரு பாடம் முன்னால் ஓடிக்கொண்டே இருப்பதே நடைமுறையில் கைகொடுக்கும்.

தமிழ்நாட்டின் இறையியல் கல்லூரிகளிலும் எபிரேயம் பாடமாக இருக்கிறது. அங்கே பார்வையற்ற மாணவர் சேரும்போது அவருக்கும் இதே தேவைதான். பிரெய்லாக்கும் லிப்லூயிஸ் என்ற இலவச மென்பொருளில் தமிழுக்கும் எபிரேயத்துக்கும் அட்டவணைகள் உள்ளன. தமிழ் பிரெய்ல் அறிந்தவர் எபிரேய எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் கற்றுக்கொண்டு, ஓர் அனுபவசாலியின் மேற்பார்வையில் ஒரு சிறு பாடத்தைப் படியெடுத்து, எபிரேயம் தெரிந்த பார்வையற்றவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கட்டும். அவர் பிழை காட்டும் இடங்களைத் திருத்திக்கொண்டு அடுத்த பாடத்தைத் தொடங்கலாம்.